உடைமையும் உரிமையும்: அணு ஆயுத நாடுகள் குறித்த விவாதத்தில் 1967 எல்லைத் தேதி

ஆய்வுச்சுருக்கம்

பேரழிவு ஆயுதங்களை எந்தெந்த நாடுகள் வைத்திருக்கலாம் என்னும் விவாதம், பெரும்பாலும் நாடுகளின் தகுதி பற்றிய விவாதமாகவே நடைபெற்று வருகிறது. பன்னாட்டுச் சட்டத்திலோ தகுதிக்கான அளவுகோல் எதுவும் இல்லை. இருப்பது ஒரு தேதி மட்டுமே. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவு குறிப்பிடும் 1967 ஜனவரி 1 என்னும் அத்தேதி, அன்றைய உடைமை நிலையைப் பதிவு செய்தது. அப்பதிவு பின்னர் உரிமையாக வாசிக்கப்பட்ட முறையை இந்தியா, உக்ரைன் ஆகிய இரு நாடுகளின் நிலைகளை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பேரழிவு ஆயுதங்கள், அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம், எல்லைத் தேதி, உடைமை, உரிமை, உக்ரைன், இந்தியா.

முன்னுரை

'பேரழிவு ஆயுதம்' என்னும் தொடருக்கு ஐ.நா.வின் மரபுவழி ஆயுதங்களுக்கான ஆணையம் 1948 ஆகஸ்ட் 12 அன்று ஒரு வரையறை வகுத்தது. அணு வெடிப்பு ஆயுதங்கள், கதிரியக்கப் பொருள் ஆயுதங்கள், உயிர்கொல்லும் வேதியியல் மற்றும் உயிரியல் ஆயுதங்கள், இவற்றுக்கு நிகரான அழிவாற்றலுடன் எதிர்காலத்தில் தோன்றக்கூடியவை ஆகியன அவ்வரையறைக்குள் அடங்கின. ஒரே தொடரால் சுட்டப்பட்ட இவ்வாயுதங்களைச் சட்டம் ஒரே வகையாக நடத்தவில்லை. அவ்வேறுபாட்டைக் கவனித்தால்தான் 'எந்த நாடு வைத்திருக்கலாம்' என்னும் வினா எங்கிருந்து வந்தது என்பது புலப்படும்.

ஒரே தொடர், இருவேறு விடைகள்

உயிரியல் ஆயுத உடன்படிக்கை 1972 ஏப்ரல் 10 அன்று கையொப்பத்திற்கு வைக்கப்பட்டு, 1975இல் நடைமுறைக்கு வந்தது. வேதியியல் ஆயுத உடன்படிக்கை 1993 ஜனவரியில் பாரிசில் கையொப்பத்திற்கு வைக்கப்பட்டு, 1997 ஏப்ரல் 29 அன்று நடைமுறைக்கு வந்தது. இவ்விரண்டிலும் விலக்குப் பெற்ற நாடு என ஒன்று இல்லை. வல்லரசு, சிறு நாடு என்ற பாகுபாடின்றி உறுப்பு நாடுகள் அனைத்தும் தம்மிடம் உள்ளதை அகற்றக் கடமைப்பட்டன. அறிவிக்கப்பட்ட வேதியியல் ஆயுதங்களின் மொத்த எடை 70,000 டன்னுக்கும் மேல். அவற்றுள் கடைசித் தொகுதியை அமெரிக்கா 2023 ஜூலை 7 அன்று அழித்து முடித்தது. மீறல்கள் நிகழாமல் இல்லை. சிரியாவின் கூட்டாப் பகுதியில் 2013 ஆகஸ்டில் சாரின் நச்சு வாயு பயன்படுத்தப்பட்டது. ஆயினும் அதற்குப் பின்னரும் 'வேதியியல் ஆயுதம் வைத்திருக்கத் தக்க நாடு எது' என எவரும் விவாதிக்கவில்லை. இல்லாத ஒரு வகுப்பில் யாரைச் சேர்ப்பது என்ற வினா எழ வழியில்லை.

இந்தியாவின் நிலை இங்குக் குறிப்பிடத்தக்கது. தன்னிடம் வேதியியல் ஆயுதங்கள் இருப்பதை 1997இல் அறிவித்த இந்தியா, அவற்றை அழிக்கும் பணியை 2009இல் நிறைவு செய்தது. அறிவிப்புக்கு அடுத்த ஆண்டே, 1998 மே மாதம், அது தன்னை அணு ஆயுத நாடாக அறிவித்துக்கொண்டது. முரணாகத் தோன்றும் இவ்விரு முடிவுகளுக்கும் இந்திய அரசு ஒரே காரணத்தைத்தான் கூறிவந்தது: முன்னது அனைவருக்கும் பொதுவான தடை, பின்னது சிலரை விலக்கி வைத்த தடை. அவ்வாதத்தின் உண்மையை அறிய 1967ஆம் ஆண்டின் தேதிக்குச் செல்ல வேண்டும்.

எல்லைத் தேதி

அணு ஆயுதம் மேலும் பரவக் கூடாது என்னும் கோரிக்கையை ஐ.நா. பொதுச்சபையில் 1958 முதல் வலியுறுத்தியவர் அயர்லாந்தின் வெளியுறவு அமைச்சர் ஃபிராங்க் எய்க்கன். அவரது முயற்சியால் 1961 டிசம்பர் 4 அன்று அது ஒருமனதான தீர்மானமாயிற்று. 1970களில் 15 முதல் 25 நாடுகள் வரை இவ்வாயுதத்தை வைத்திருக்கும் உலகை அமெரிக்கக் குடியரசுத் தலைவர் எதிர்கொள்ள நேரலாம் என 1963 மார்ச்சில் கென்னடி அச்சம் தெரிவித்தார். அதன்பின் ஜெனீவாவில் பதினெட்டு நாடுகளின் ஆயுதக் குறைப்புக் குழுவில் பேச்சு வார்த்தை நடந்தது. இந்தியா, பர்மா, எகிப்து, எத்தியோப்பியா, நைஜீரியா, பிரேசில், மெக்சிகோ, சுவீடன் ஆகிய எட்டும் அக்குழுவில் அணிசேரா நாடுகளாக இடம்பெற்றன. பரவல் என்பது புதிய நாடுகளிடம் செல்வது மட்டுமன்று, வைத்திருப்போரிடம் மேன்மேலும் பெருகுவதும் பரவலே என்பது இந்தியா அங்கு எடுத்துரைத்த வாதம். அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் 1967 ஆகஸ்டில் தனித்தனியே அளித்த ஒத்த வரைவுகளில் ஆயுதக் களைவு பற்றித் தனிப்பிரிவு இல்லை. இன்றைய 6ஆம் பிரிவு, ஆயுதமற்ற நாடுகள் வற்புறுத்திப் பெற்ற சேர்க்கையாகும்.

ஒப்பந்தம் 1968 ஜூலை 1 அன்று கையொப்பத்திற்கு வைக்கப்பட்டது. 1970 மார்ச் 5 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 9ஆம் பிரிவின் மூன்றாம் பத்தி, 1967 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்னர் அணு ஆயுதத்தையோ பிற அணு வெடிப்புக் கருவியையோ செய்து வெடித்த நாடே 'அணு ஆயுத நாடு' எனக் கூறுகிறது. கையொப்பத் தேதிக்கு ஒன்றரை ஆண்டு முன்னரே கதவு சாத்தப்பட்டுவிட்டது என்பது கருதத்தக்கது. அமெரிக்கா (1945), சோவியத் ஒன்றியம் (1949), பிரிட்டன் (1952), பிரான்ஸ் (1960), சீனா (1964) ஆகிய ஐந்தும் அத்தேதிக்குள் வந்தன. சீனாவின் முதல் வெடிப்பு 1964 அக்டோபர் 16 அன்று லோப்நூர் பாலைநிலத்தில் நிகழ்ந்தது. அது இரண்டேகால் ஆண்டு தாமதமாகியிருந்தால், ஒப்பந்தத்தின் கண்ணில் சீனாவும் இன்றைய இந்தியாவும் ஒரே வரிசையில் நின்றிருக்கும். ஐ.நா. பாதுகாப்பு அவையின் நிலையான உறுப்பினர் என்பதால் இந்த ஐந்து நாடுகளும் ஏற்கப்பட்டன எனச் சில நூல்கள் எழுதுவது பிழை. 1967இல் அவ்விருக்கையில் இருந்தது தைவானிலிருந்து இயங்கிய சீனக் குடியரசு. பீஜிங் அரசுக்கு அது 1971இல்தான் கிடைத்தது.

'வெடித்த' என்னும் சொல்லையும் நின்று நோக்க வேண்டும். யார் வெடித்தார் என்பதையே பிரிவு கேட்கிறது. எங்கே வெடித்தார் என்பதைக் கேட்கவில்லை. பிரிட்டனின் முதல் சோதனை ஆஸ்திரேலியாவின் மாண்டி பெல்லோ தீவுகளில் நடந்தது. பிரான்சின் முதல் சோதனை அன்று அதன் ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவின் சகாராவில் நடந்தது. மார்ஷல் தீவுகளில் 1946க்கும் 1958க்கும் இடையே அமெரிக்கா 67 அணுக் கருவிகளை வெடித்தது. சோவியத் சோதனைகளின் சுமையைக் கஜகஸ்தானின் செமிபலாட்டின்ஸ்க் சுமந்தது. வெடிப்பு ஒருவரது நிலத்தில், பட்டியலில் ஏறிய பெயர் மற்றொருவருடையது.

ஒப்பந்தம் இந்த ஐந்து நாடுகளுக்கும் அணு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை வழங்குகிறதா? அதன் வாசகங்களில் அவ்வாறு கூறும் தொடர் ஒன்றும் இல்லை. 1ஆம் பிரிவு, அவை பிறருக்கு ஆயுதம் தரக் கூடாது என்கிறது. 2ஆம் பிரிவு, மற்ற நாடுகள் அதைப் பெறவோ செய்யவோ கூடாது என்கிறது. 6ஆம் பிரிவு, அனைவரும் ஆயுதக் களைவு குறித்து நல்லெண்ணத்துடன் பேச்சு நடத்த வேண்டும் என்கிறது. வரையறை தரும் 9ஆம் பிரிவோ 'இவ்வொப்பந்தத்தின் நோக்கங்களுக்காக' என்ற அடையுடன்தான் தொடங்குகிறது. அனுமதி எனக் கருதப்படுவது, உண்மையில் தடை சொல்லப்படாத இடத்தில் உள்ள மௌனம். உடைமையைக் குறிக்கும் தொடரை உரிமைப் பட்டயமாக வாசித்ததே பிற்கால விவாதங்களின் வேர்.

தமிழ் இலக்கணம் ஆறாம் வேற்றுமையின் கிழமைப் பொருளைத் தற்கிழமை, பிறிதின்கிழமை எனப் பிரிக்கும். 'கந்தனது கை' முன்னது. 'கந்தனது வீடு' பின்னது. 6ஆம் பிரிவு அணு ஆயுதத்தைப் பிறிதின்கிழமையாகக் காண்கிறது, அதாவது பிரித்தகற்றத் தக்க உடைமையாக. வைத்திருக்கும் நாடுகளின் பாதுகாப்புக் கொள்கைகள் அதைக் கைபோலக் கருதுகின்றன.

'பொறுப்புள்ள நாடு' என்னும் அளவுகோல்

ஒப்பந்தத்தைப் பரிந்துரைத்த பொதுச்சபைத் தீர்மானம் 1968 ஜூன் 12 அன்று 95 வாக்குகள் ஆதரவாகவும் 4 எதிராகவும் பெற்று நிறைவேறியது. வாக்களியாமல் விலகிய 21 நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. 1974 மே 18 அன்று பொக்ரானில் இந்தியா நடத்திய வெடிப்பு 'அமைதி நோக்கிலானது' என அறிவிக்கப்பட்டது. அதற்கான புளுட்டோனியம், கனடா அமைதிப் பயன்பாட்டுக்கென வழங்கிய சைரஸ் அணு உலையில் கிடைத்தது. விளைவாக, அணுப்பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் நாடுகளின் குழு ஒன்று உருவாயிற்று. அணுப்பொருள் வழங்குவோர் குழு என இன்று அறியப்படுவது அதுவே.

இந்தியாவின் எதிர்ப்பில் இரு இழைகள் பின்னியிருந்தன. ஒன்று, அணு ஆயுதமே எவரிடமும் கூடாது என்பது. 1988இல் ராஜீவ் காந்தி ஐ.நா.வில் முன்வைத்த செயல்திட்டம் அவ்வழியில் அமைந்தது. மற்றொன்று, சிலரிடம் இருக்குமாயின் நமக்கும் இருக்கலாம் என்பது. திருச்சிராப்பள்ளியில் பிறந்தவரும் இந்தியப் பாதுகாப்புச் சிந்தனையில் பெருந்தாக்கம் செலுத்தியவருமான கே. சுப்ரமணியம் இரண்டாம் இழையின் முதன்மைக் குரல். 1999இல் அணு ஆயுதக் கொள்கை வரைவை உருவாக்கிய தேசியப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவுக்கு அவரே தலைவர். பொக்ரான் சோதனைகளுக்குப் பின் ஜஸ்வந்த் சிங் அமெரிக்க இதழொன்றில் எழுதிய கட்டுரை, ஒப்பந்த முறைமையை 'அணு நிறவெறி' என்றே தலைப்பில் சாடியது.

2005 ஜூலை 18 அன்று மன்மோகன் சிங்கும் ஜார்ஜ் புஷ்ஷும் வெளியிட்ட கூட்டறிக்கையில் சொல்லாட்சி மாறியது. மேம்பட்ட அணுத் தொழில்நுட்பம் கொண்ட 'பொறுப்புள்ள நாடு' என இந்தியா அதில் குறிக்கப்பெற்றது. 2008 செப்டம்பர் 6 அன்று அணுப்பொருள் வழங்குவோர் குழு இந்தியாவுக்கு விலக்கு அளித்தது. இந்தியாவின் மின்னுற்பத்தித் தேவை நோக்கில் இது பெரும் வெற்றி என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் பாகுபாட்டைக் கண்டித்து நாற்பது ஆண்டுகள் பேசிய நாடு, அப்பாகுபாட்டில் தனக்கொரு தனியிடம் பெற்றபோது கண்டனத்தின் ஒலி தணிந்தது. முதல் இழை அறுபட்டது எனச் சொல்லுதல் மிகையாகலாம். மெலிந்தது என்பது வெளிப்படை.

'பொறுப்பு' என்னும் இவ்வளவுகோல் பரவல் தடை ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. அதை ஒப்பந்தத்தின் ஐந்து நாடுகள்மீதே பொருத்திப் பார்த்தால் விடை எளிதன்று. இஸ்ரேலின் டிமோனா அணு உலைக்கு 1950களின் இறுதியில் துணைநின்றது பிரான்ஸ். 1966 ஜனவரியில் அமெரிக்க விமானமொன்று மோதிச் சிதறியதில், ஸ்பெயினின் பலோமாரஸ் ஊர்மீது ஹைட்ரஜன் குண்டுகள் விழுந்து, அங்குள்ள நிலம் புளுட்டோனியத்தால் மாசுபட்டது. மாறாக, ஆறு அணு ஆயுதங்களைச் செய்து முடித்த தென்னாப்பிரிக்கா, அவற்றைத் தானே கலைத்துவிட்டு 1991 ஜூலையில் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 1993 மார்ச்சில் அதை உலகறியச் செய்தது. பொறுப்புக்கு இதைவிடச் சான்று வேறெது என வினவலாம். ஆனால் அதைச் செய்தது நிறவெறி ஆட்சியின் இறுதி அரசு; ஆட்சி பெரும்பான்மையினரிடம் செல்லுமுன் ஆயுதம் அகற்றப்பட்டது என்னும் ஐயமும் அதனுடன் ஒட்டியே நிற்கிறது.

உக்ரைன்: உடைமையாளர் எனத் தன்னை அறிவித்த நாடு

சோவியத் ஒன்றியம் 1991 டிசம்பரில் கலைந்தபோது, ஏறத்தாழ 1,900 நெடுந்தொலைவு அணு ஆயுதங்கள் உக்ரைன் மண்ணில் இருந்தன. எண்ணிக்கையில் அது உலகின் மூன்றாவது பெருந்தொகுதி. அவற்றை ஏவுவதற்கான குறியீடுகளோ மாஸ்கோவின் கட்டுப்பாட்டில் இருந்தன. 1992 மே 23 அன்று லிஸ்பனில் கையொப்பமான நெறிமுறையின்படி உக்ரைன், பெலாரஸ், கஜகஸ்தான் ஆகியவை ஆயுதமற்ற நாடுகளாக ஒப்பந்தத்தில் சேர இசைந்தன. எனினும் 1993 ஜூலை 2 அன்று உக்ரைன் நாடாளுமன்றம், தன் மண்ணிலுள்ள அணு ஆயுதங்களின் உடைமையாளர் உக்ரைனே என அறிவித்தது.

இவ்வறிவிப்பை வெறும் பேரம் எனத் தள்ளிவிட இயலாது. உலகின் சட்ட அகராதியில் இல்லாத ஒரு நிலையை அது கேட்டது. உக்ரைன் அவ்வாயுதங்களை வெளிநாட்டிலிருந்து பெறவில்லை. அவற்றுள் ஒரு பகுதிக்கான ஏவுகணைகள் அந்நாட்டின் தினிப்ரோ நகரத் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. சோவியத் ஒன்றியத்தின் கடன், சொத்து, கடற்படை ஆகியவற்றைப் பங்கிட்டது போல இதையும் பங்கிடலாம் என்பது அதன் வாதம். ஆனால் எல்லைத் தேதி ஒரு வாரிசுக்கே இடமளித்தது. அந்த இடம் ரஷ்யாவுக்குச் சென்றது. உடைமை என்பது பொருளின் மீதான கட்டுப்பாடா, நிலத்தின் மீதான இறையாண்மையா, தயாரித்த உழைப்பின் பங்கா என்னும் வினாவுக்கு ஒப்பந்தம் விடை கூறவில்லை. 1993இல் ஜான் மியர்ஷைமர் என்னும் அமெரிக்க அறிஞர், ரஷ்யாவின் தாக்குதலைத் தடுக்க உக்ரைன் அணு ஆயுதத்தை வைத்துக்கொள்வதே நலம் என எழுதினார். அன்று அக்கருத்துக்கு வரவேற்பு இல்லை.

1994 டிசம்பர் 5 அன்று புடாபெஸ்டில் ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் ஆகியன உக்ரைனுடன் ஒரு குறிப்பாணையில் கையொப்பமிட்டன. உக்ரைனின் எல்லைகளை மதிப்பதாகவும் அதன்மீது படை பயன்படுத்துவதில்லை எனவும் அவை வாக்களித்தன. அளிக்கப்பட்டது உறுதிமொழியே, தாக்கப்பட்டால் படை அனுப்பிக் காக்கும் உத்தரவாதம் அன்று. அச்சொல் வேறுபாட்டைப் பேச்சு வார்த்தையின்போதே அமெரிக்கத் தரப்பு கவனமாகப் பேணியது. 1996 ஜூனுக்குள் கடைசி ஆயுதமும் ரஷ்யாவுக்கு அனுப்பப்பட்டது. 2014இல் கிரீமியா கைப்பற்றப்பட்டது. 2022 பிப்ரவரி 24 அன்று முழுப் படையெடுப்பு தொடங்கியது.

இதிலிருந்து 'ஆயுதத்தைக் கைவிட்டதால் தாக்கப்பட்டது' என்னும் முடிவுக்குத் தாவுவோர் பலர். அதற்கு மறுப்பும் உண்டு. ஏவும் குறியீடுகள் இல்லாத உக்ரைன் அவ்வாயுதங்களைத் தன்வயப்படுத்தவும் பராமரிக்கவும் பல ஆண்டுகளும் பெரும் பொருளும் தேவைப்பட்டிருக்கும். அவ்விடைவெளியில் ரஷ்யாவையும் அமெரிக்காவையும் ஒருசேரப் பகைக்க நேர்ந்திருக்கும். எந்த முடிவு சரி என்பதைவிட முதன்மையானது வேறொன்று: மற்ற நாடுகள் உக்ரைனை எவ்வாறு வாசிக்கின்றன என்பது. 2003 டிசம்பரில் அணுத் திட்டத்தைக் கைவிட்ட லிபியாவின் ஆட்சி 2011இல் வீழ்ந்ததை வட கொரியா வெளிப்படையாகவே சுட்டிக்காட்டியது. அவ்வரிசையில் உக்ரைனும் இப்போது சேர்ந்துள்ளது.

வால்ட்ஸ், சேகன் விவாதம்

கோட்பாட்டு நிலையில், 'அதிகமானோரிடம் இருப்பதே நலமாகலாம்' என்னும் வாதத்தைக் கென்னத் வால்ட்ஸ் 1981இல் முன்வைத்தார். பதிலடி பற்றிய அச்சம் எந்த நாட்டையும் நிதானமாக்கும் என்பது அதன் சாரம். ஆட்சியாளர் பண்பு எதுவாயினும் ஆயுதமே பொறுப்பைக் கற்பிக்கும் என்பதால், தகுதி பற்றிய வினாவே இங்கு மறைந்துவிடுகிறது. அதற்கு ஸ்காட் சேகன் அளித்த மறுப்பு வேறு திசையிலிருந்து வந்தது. முடிவெடுப்பவை நாடுகள் அல்ல, அமைப்புகள். அமைப்புகள் தவறும் என்றார் அவர். 1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் எச்சரிக்கைக் கருவி தவறுதலாக ஏவுகணைத் தாக்குதலைக் காட்டியபோது, ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் என்னும் அதிகாரி அதை நம்ப மறுத்ததால் விபரீதம் நிகழவில்லை. 2022 மார்ச் 9 அன்று, வெடிபொருள் இல்லாத பிரமோஸ் ஏவுகணை ஒன்று இந்தியாவிலிருந்து தவறுதலாக ஏவப்பட்டுப் பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. மூன்று விமானப்படை அதிகாரிகள் பணிநீக்கம் செய்யப்பட்டனர். இரு நாடுகளும் நிதானம் காத்தன என வால்ட்ஸ் தரப்பும், ஏவுகணை புறப்பட்டதே என சேகன் தரப்பும் ஒரே நிகழ்வைச் சான்றாக்கலாம்.

1995க்குப் பின்

ஒப்பந்தம் முதலில் 25 ஆண்டுகளுக்கே செய்யப்பட்டது. நீட்டிப்பை முடிவு செய்ய 1995இல் நியூயார்க்கில் கூடிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கையின் ஜெயந்த தனபால. வாக்கெடுப்பின்றி, மே 11 அன்று ஒப்பந்தம் காலவரையறையின்றி நீட்டிக்கப்பட்டது. பேரழிவு ஆயுதங்களற்ற மத்தியக் கிழக்கை வலியுறுத்தும் தீர்மானமும் அம்முடிவோடு இணைந்து நிறைவேறியது. ஆயுதமற்ற நாடுகளிடம் இருந்த ஒரே பிடிமானம் ஒப்பந்தம் காலாவதியாகக்கூடும் என்பதே. அன்று அது கைநழுவியது. கால எல்லையுடைய பதிவு ஒன்று நிலையான பட்டியலாயிற்று.

பன்னாட்டு நீதிமன்றம் 1996 ஜூலை 8 அன்று அளித்த ஆலோசனைக் கருத்து, அணு ஆயுதப் பயன்பாட்டுக்கோ அதைக் காட்டி அச்சுறுத்துவதற்கோ குறிப்பான அனுமதி எச்சட்டத்திலும் இல்லை என ஒருமனதாகக் கூறியது. முழுமையான பொதுத் தடையும் இல்லை என 11க்கு 3 என்ற வாக்கில் கூறியது. ஒரு நாட்டின் இருப்பே ஆபத்துக்குள்ளாகும் தற்காப்பு நிலையில் அப்பயன்பாடு சட்டத்துக்கு உட்பட்டதா என்பதில் 7க்கு 7 எனப் பிரிந்து, தலைவரின் முடிவு வாக்கால் விடையைத் திறந்தே விட்டது. ஆயுதக் களைவுப் பேச்சை நடத்தி முடிக்கும் கடமை உண்டு என்பதில் மட்டும் மீண்டும் ஒருமனம். அக்கடமையை நிறைவேற்றவில்லை என மார்ஷல் தீவுகள் 2014இல் ஒன்பது நாடுகள்மீது வழக்குத் தொடுத்தது. நீதிமன்றத்தின் அதிகார வரம்பை ஏற்றிருந்த பிரிட்டன், இந்தியா, பாகிஸ்தான் ஆகியவற்றின் மீதான வழக்குகளே முன்சென்றன. தரப்புகளிடையே 'தகராறு' இருந்ததற்குச் சான்றில்லை என 2016 அக்டோபர் 5 அன்று அவையும் தள்ளுபடியாயின.

2017 ஜூலை 7 அன்று 122 நாடுகளின் வாக்கால் நிறைவேறிய அணு ஆயுதத் தடை ஒப்பந்தம், வேதியியல் உடன்படிக்கையைப் போலவே வகுப்புப் பிரிக்காமல் எவரிடமும் கூடாது என்கிறது. 2021 ஜனவரி 22 முதல் அது நடைமுறையில் உள்ளது. ஆயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகளுள் ஒன்றும் அதில் சேரவில்லை. பரவல் தடை ஒப்பந்தத்தின் மீளாய்வு மாநாடுகளும் தடுமாறின. 2015 மாநாடு மத்தியக் கிழக்குத் தீர்மானத்தின் பேரிலும், 2022 மாநாடு ஜபோரிஷியா அணுமின் நிலையம் பற்றிய வாசகத்தை ரஷ்யா எதிர்த்ததாலும் உடன்பாடின்றி முடிந்தன.

2025 ஜூன் மாதம், ஒப்பந்தத்தில் சேராத இஸ்ரேலும் எல்லைத் தேதிக்குள் வந்த அமெரிக்காவும், ஒப்பந்த உறுப்பினரான ஈரானின் அணு நிலையங்களைத் தாக்கின. அம்மாதத்திலேயே பன்னாட்டு அணுசக்தி முகமையுடனான ஒத்துழைப்பை நிறுத்தும் சட்டத்தை ஈரான் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஒப்பந்தத்திலிருந்து விலகுவது பற்றிய பேச்சும் அங்கு எழுந்தது. விலகலுக்கு 10ஆம் பிரிவு கேட்பது மூன்று மாத முன்னறிவிப்பும், நாட்டின் உயர்நலன்களை ஆபத்துக்குள்ளாக்கிய அசாதாரண நிகழ்வுகள் பற்றிய விளக்கமும் மட்டுமே. அப்பிரிவைக் கையாண்டு விலகலை அறிவித்த நாடு இதுவரை வட கொரியா ஒன்றே. அது 2003 ஜனவரியில் விலகலை அறிவித்து, 2006 அக்டோபர் 9 அன்று முதல் அணுச் சோதனையை நடத்தியது.